ஒருவரை மட்டும் அழைத்த கல்யாணப் பத்திரிகை

போடிநாயக்கனூரில் காளீஸ்வரியைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. காலை ஐந்தரைக்கு முன் எழுந்திராதவர்கள் ஒரு வகை. எழுந்தும் ஜீப் நிற்கும் பக்கம் வராதவர்கள் இன்னொரு வகை. மற்றவர்களுக்கெல்லாம் அவள் குரல் தெரியும். பதினான்கு பெண்களை ஒரே ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கக் கூட்டிப்போவது அவள் வேலை. தோட்டத்துக்காரர்கள் அவளைச் சூப்பர்வைசர் என்பார்கள். ஜீப்பைத் தவறவிட்டவர்கள் வேறு பெயர்களில் அழைப்பார்கள்.

ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தால் ஜீப்பு இருக்காது. ஒருமுறை ஒச்சம்மாள் கையைக் காட்டிக்கொண்டே ஓடிவர, காளீஸ்வரி டிரைவரிடம், "போண்ணே, அவ ஓடட்டும், ஒடம்புக்கு நல்லது" என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஒச்சம்மாளே அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சிரிக்காவிட்டால் மறுநாள் இடம் கிடைக்காது.

நேரத்தில் இவ்வளவு கறாரான பெண், முப்பத்து மூன்று வயது வரை கல்யாணத்தை மட்டும் சளைக்காமல் தள்ளிப்போட்டாள். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. முற்றியதை எடுத்துவிட்டுப் பிஞ்சைச் செடியிலேயே விட்டுவர வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து நாள் கழித்துப் போனால் அது தயாராக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஓர் எடுப்பு. மாப்பிள்ளைகளையும் அவள் அப்படியே பார்த்தாள். "இந்த எடுப்புக்கு வேணாம்மா, அடுத்த எடுப்புல பாப்போம்" என்று பதினொரு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். தேனியிலிருந்து வந்த ஒருவர், "கல்யாணத்துக்கு அப்பறம் மலைக்குப் போக வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். "அப்பப் பதினாலு பேரை நீங்க கூட்டிப் போறீகளா?" என்று கேட்டாள். அவர் காபியை முடிக்காமல் எழுந்துவிட்டார்.

அவளுடைய அம்மா மொக்கம்மாளுக்கு இது பெரிய கவலை. அப்பா காலமாகிப் பத்து வருடமாயிற்று. வீட்டில் முடிவு சொல்லும் உரிமை அப்பாவின் அக்கா இருளம்மாளிடம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, எதையும் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்.

இந்த நிலையில்தான் ஆனி மாதக் கடைசியில் ராஜ்கமல் வந்து இறங்கினான்.

அவன் மொக்கம்மாளின் அண்ணன் மகன். காளீஸ்வரிக்குத் தாய்மாமன் மகன். போடியில் இதைவிடக் கிட்டத்து உறவு கிடையாது. ஆனால் அவன் கையில் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட்டு. ஐம்பது வருடம் முன்னால் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இந்தக் குடும்பத்துக்கு, இந்தியக் குடியுரிமைக்கு ஒன்று, இலங்கைக் குடியுரிமைக்கு ஒன்று என்று இரண்டு வகை மனுக்கள் வந்தன. மொக்கம்மாளின் அப்பா ஒன்றில் கைநாட்டு வைத்து இந்தியர் ஆனார். மூத்த மகன் மற்றொன்றில் கையெழுத்துப் போட்டு அங்கேயே தங்கினார். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெண் இருந்தது காரணம் என்பார்கள். "அடுத்த கப்பல்ல வந்துர்றேன்" என்று பத்து வயதுத் தங்கையிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த கப்பலும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, பிறகு கப்பலே நின்றுபோயிற்று. அண்ணன் வரவில்லை. அவருக்குப் பதிலாக இப்போது மகன் வந்திருந்தான், விமானத்தில், முப்பது நாள் சுற்றுலா விசாவில்.

ராஜ்கமலுக்கு முப்பத்தேழு வயது. தேயிலை ஆலையில் மெக்கானிக்கு. எந்த இயந்திரத்தையும் கையேட்டில் உள்ளபடிதான் பிரிப்பான், உள்ளபடிதான் பூட்டுவான். வந்த அன்றே பிரவுசிங் சென்டருக்குப் போய், வெளிநாட்டவர் ஒருவர் இந்த வீட்டில் தங்கியிருக்கிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய படிவத்தை நிரப்பினான். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டுமாம். மொக்கம்மாள் மூன்று நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என் அண்ணன் பெத்த புள்ள. அதை அந்நியன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"அத்தை, எழுதாட்டி தப்புத்தானே? சட்டம் அப்பிடி."

"சட்டத்துக்கு அண்ணன் தம்பி கெடையாதுய்யா, அதுக்கென்ன தெரியும்?"

விசா மனுவில் பார்க்கப்போகும் இடங்கள் என்ற கட்டத்தில் அவன் மதுரை, கொடைக்கானல், குரங்கணி, போடிமெட்டு என்று நான்கு ஊர்களை எழுதியிருந்தான். எழுதிவிட்டதால் நான்கையும் பார்த்தே தீர வேண்டும் என்று நின்றான். கொடைக்கானலில் அன்று முழுவதும் மூடுபனி. ஓரடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பஸ்சிலிருந்து இறங்கி, பனியை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, டிக்கெட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு திரும்பினான். குரங்கணிக்கு நனைந்துகொண்டே போனான். போடிமெட்டுக்குக் காளீஸ்வரியின் ஜீப்பில், பதினைந்தாவது ஆளாக, பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தான்.

பதினேழு கொண்டை ஊசி வளைவும் முடிந்து, கேரளத்துச் சோதனைச் சாவடி வந்ததும் சட்டென்று பாஸ்போர்ட்டை எடுத்தான்.

"எதுக்கு மச்சான் அது?" என்றாள் காளீஸ்வரி.

"எல்லைன்னு எழுதியிருக்கே."

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. "டூரிஸ்ட்டு மாப்ளே, இதை நாங்க தெனம் ரெண்டு தடவை தாண்டுறோம். உள்ள வைங்க, மழைல நனைஞ்சிரும்" என்றாள் ஒச்சம்மாள். சாவடிக்காரர் கையசைத்தார். ராஜ்கமல் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்தான், ஆனால் திருப்தியில்லாமல். ஒரு முத்திரையாவது குத்தியிருக்கலாம் என்பது அவன் எண்ணம்.

அன்றிலிருந்து அவன் பெயர் டூரிஸ்ட்டு மாப்ளே ஆயிற்று. நான்கு ஊரும் முடிந்த பிறகும் தினமும் ஐந்து இருபத்தைந்துக்கே ஜீப்புக்கு வந்து நின்றான். நேரத்துக்கு வருகிற ஆண்பிள்ளையைக் காளீஸ்வரி அதுவரை பார்த்ததில்லை. பார்க்காத மாதிரியே இருந்தாள்.

விவரம் வெளிவந்தது துணி துவைக்கும்போது. மலையில் நனைந்த அவன் சட்டைகளை எடுக்கப் பெட்டியைத் திறந்தவள், பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதத்தைக் கண்டாள். அவன் ஊர் அதிகாரி கொடுத்த சான்றிதழ். இன்னார் இன்று வரை திருமணம் ஆகாதவர் என்று முத்திரையோடு. தேதியைப் பார்த்தாள். விசா எடுப்பதற்குப் பத்து நாள் முந்தியது.

"மச்சான், இங்கிட்டு வாங்க. ஊரைச் சுத்திப் பாக்க வந்த மனுசனுக்குக் கல்யாணமாகலைன்னு சர்ட்டிபிகேட்டு எதுக்கு? கொடைக்கானல்ல கேக்குறாகளா?"

அவன் முகம் சிவந்தது. "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தேன்."

"எதுக்கும்னா?"

"அப்பா சாகறதுக்கு முன்னால சொன்னாரு, போய்ப் பாரு, புடிச்சிருந்தா கேளுன்னு. நான் பாக்கத்தான் வந்தேன். அது பொய்யில்ல. ஆனா முழு உண்மையும் இல்ல. அதான், எழுதினதையாவது ஒழுங்காச் செய்வோம்னு நாலு ஊரையும்…"

பனியைப் பார்க்க அரைமணி நேரம் நின்றவனின் கணக்கு அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாழ்க்கையில் ஒரேயொரு பொய் சொல்லி, அதற்கு நான்கு ஊர் பஸ்சு ஏறிப் பரிகாரம் செய்கிற மனிதன். பதினொரு மாப்பிள்ளைகளிலும் இப்படியொன்று வந்ததில்லை. காகிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

"காய் முத்திருச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். மொக்கம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டது தெருவுக்கே கேட்டது.

அன்று ஆடி ஐந்து.

ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. இருளம்மாள் செய்தி கேட்டு வந்தார், சந்தோஷப்பட்டார், பெண்ணின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார், அதே மூச்சில், "ஆவணில வையிங்க" என்றார். ராஜ்கமலின் விசா ஆகஸ்ட்டு ஆறாம் தேதி முடிகிறது. ஆடி இருபத்தொன்று.

"மதினி, போனா வரமாட்டாக. அண்ணனும் இப்பிடித்தான் சொல்லிட்டு…" மொக்கம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"அதுக்காக ஆடில தாலி கட்ட முடியுமா? என் காலம் இருக்குற வரைக்கும் என் கண்ணு முன்னால அது நடக்காது."

சுற்றுலா விசாவில் வந்து கல்யாணம் செய்தால் ஜெயில் என்று தெருவில் ஒருவர் சொன்னார். கல்யாணம் செய்த அன்றே இந்தியக் குடியுரிமை, ரேஷன் கார்டு எல்லாம் கிடைத்துவிடும் என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் ஒரே உறுதியோடு சொன்னார்கள். காளீஸ்வரி ஒருநாள் ஜீப்பை ஒச்சம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, ராஜ்கமலைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போனாள். மாவட்டக் காவல் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கிற ஏட்டு பானுப்பிரியா, மேஜையில் சாப்பாட்டு டப்பா திறந்திருக்க, எல்லாவற்றையும் கேட்டார்.

"தங்கியிருக்கிற விவரம் குடுத்திருக்கீங்களா?"

ராஜ்கமல் அச்செடுத்த படிவத்தை நீட்டினான். பானுப்பிரியா அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்து இதை யாராவது நேரத்துக்குக் குடுத்து இன்னைக்குத்தான் பாக்குறேன். உக்காருங்க."

பிறகு விரலை மடக்கிச் சொன்னார். கல்யாணம் செய்வது தப்பில்லை. தேதி முடிந்தும் தங்குவதுதான் தப்பு. கல்யாணத்தால் குடியுரிமை வந்துவிடாது, அதற்கு ஏழு வருடம் இங்கேயே வாழ்ந்துவிட்டு அப்புறம் மனுப் போட வேண்டும். ஆன்லைனில் எடுத்த விசாவை இங்கே இருந்துகொண்டே மாற்றுவது சிரமம். கேட்டுப் பார்க்கலாம், கிடைக்குமென்று தன்னால் சொல்ல முடியாது.

"அப்ப என்னக்கா செய்யட்டும்?"

"ஸ்பெஷல் மேரேஜ்னு போனா முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டணும். உங்க ஆளுக்கு மொத்தமே முப்பது நாள்தான். அது ஆவாது. கோயில்ல கட்டி, ரிஜிஸ்தர் பண்ணி, சான்றிதழோட தேதிக்குள்ள ஊருக்குப் போயிரட்டும். அங்க நம்ம தூதரகத்துல, பொண்டாட்டியோட சேர்ந்து வாழ விசா வேணும்னு கேக்கட்டும். அது இல்லேன்னா அடுத்த தடவையும் இவரு டூரிஸ்ட்டுதான். ஆவணில வந்து, கட்டி, திரும்பிப் போய், விசா கேட்டு, மறுபடி வர்றதுக்குள்ள தையாயிரும்."

"அந்த விசால வந்தா வேலை பாக்கலாமா?" என்று ராஜ்கமல் கேட்டான்.

"அனுமதி வாங்காமக் கூடாது. வீட்டுல சும்மா இருக்கலாம்."

மறுநாள் ஜீப்பில் இதைச் சொன்னபோது ஒச்சம்மாள், "எங்க வீட்டு ஆளுக்கு விசாவே இல்லாம அது கெடைச்சிருக்கே" என்றாள். பதினேழு வளைவுக்கும் அந்தச் சிரிப்புப் போதுமானதாக இருந்தது.

ஆக, அரசாங்கத்துக்கு ஆகஸ்ட்டு ஆறுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். இருளம்மாளுக்கு ஆவணி பிறக்கும் வரை நடக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அசையாத இடத்தில் காளீஸ்வரி வேறொரு நாளைப் பார்த்தாள். ஆடி பதினெட்டு. அன்றைக்குக் கல்யாணம் நடக்காது. ஆனால் கல்யாணமான பெண்கள் எல்லாரும் ஆற்றங்கரையில் கூடிப் பழைய தாலிக் கயிற்றை மாற்றிப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கணவன்மார் வந்து கட்டிவிடுவதும் உண்டு. நூறு கழுத்தில் கயிறு ஏறும் இடத்தில் நூற்றோராவது கழுத்தை யார் எண்ணப்போகிறார்கள்? எண்ணக்கூடிய ஒரே ஆள் காளீஸ்வரிதான், அது அவள் தொழில்.

பதிவுக்கு மட்டும் கல்யாணப் பத்திரிகை ஒன்று கேட்டார்கள். ஊருக்குத் தெரியாமல் பத்திரிகை அடிப்பது எப்படி? கம்ப்யூட்டர் பிரிண்ட் போடும் கடையில் போய், "ஒண்ணு போதும்" என்றாள்.

"ஒரு நூறாக்கா?"

"ஒண்ணுண்ணே. ஒத்தப் பத்திரிகை."

கடைக்காரர் பாவமாகப் பார்த்தார். சொந்தபந்தமில்லாத பெண் போலிருக்கிறது என்று மஞ்சள் உறை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்த வேண்டும் என்று தங்க எழுத்தில் அச்சான அந்தப் பத்திரிகை இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் அழைத்தது. அவர் சார்பதிவாளர்.

ஆடி பதினெட்டு சனிக்கிழமை. கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் நன்றாகவே போயிற்று. கரையிலிருந்த சின்ன அம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார்கள். ஜீப்புப் பெண்கள் பதினான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து தங்கள் கயிறுகளை மாற்ற ஆரம்பித்தார்கள். நடுவில் காளீஸ்வரி குனிந்தாள். பின்னாலிருந்து யாரோ தட்டை நீட்ட, ராஜ்கமல் கயிற்றை எடுத்து, இயந்திரத்தில் நட்டு முறுக்குகிற கவனத்தோடு மூன்று முடிச்சுப் போட்டான். ஒச்சம்மாளின் மகள் செல்போனில் படம் எடுத்தாள். குலவை மட்டும் போட முடியவில்லை. போட்டால் ஊர் திரும்பிப் பார்க்கும். ஆகவே பதினான்கு பெண்களும் கண்ணாலேயே குலவை போட்டார்கள் என்று ஒச்சம்மாள் பின்னால் சொன்னாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஊருக்கு, அங்கே கல்யாணமே நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். அரசாங்கத்துக்கு, அங்கே நடந்தது கல்யாணம்தான் என்று காட்ட வேண்டும். இரண்டுக்கும் சாட்சி அதே போட்டோ.

திங்கட்கிழமை சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டோவைப் பார்த்தார். "ஆடி பதினெட்டா? அரசாங்கத்துக்கு ஆடி கெடையாதும்மா. எனக்கு உண்டு. எம் மகளுக்கு வெச்சிருக்க மாட்டேன்." பாஸ்போர்ட்டைப் புரட்டினார், திருமணமாகாத சான்றிதழைப் படித்தார், விசா தேதியைப் பார்த்துவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு முடியுது!"

"அதான் சார் வெரசா வந்தோம்."

"இதுல யாரு பொண்ணு? எல்லாக் கழுத்துலயும் மஞ்சக் கயிறு இருக்கு."

"முகத்தைப் பாருங்க சார். மத்தவுக யாரும் அவுக கயித்தைக்கூடப் பாக்கல. என்னை மட்டும் எல்லாரும் பாக்குறாக."

அவர் மறுபடி பார்த்தார். "ஒருத்தர் மட்டும் பாக்கலையே. தட்டு நீட்டுற இந்த அம்மா ஏன் ஆத்துப் பக்கம் திரும்பிக்கிட்டிருக்காங்க?"

காளீஸ்வரி குனிந்து பார்த்தாள். முகம் தெரியவில்லை. ஆனால் தட்டை நீட்டிய கையில் பழைய கெட்டிக் காப்பு இருந்தது. மொக்கம்மாளுக்குக் காப்பே கிடையாது. போடியில் அந்தக் காப்பு ஒருத்தர் கையில்தான் உண்டு.

"அவுகளுக்குத் தண்ணி பாக்கப் புடிக்கும் சார்" என்றாள்.

சான்றிதழ் கைக்கு வந்தது. மறுநாள் மதுரை விமான நிலையத்தில் மொக்கம்மாள் அழுதாள். அண்ணன் போட்ட கையெழுத்து ஆளைப் பிரித்தது. இந்தக் கையெழுத்து என்ன செய்யுமோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. காளீஸ்வரி அழவில்லை. "அடுத்த எடுப்பு நாப்பது நாள்ல. அஞ்சரை தாண்டினா ஜீப்பு நிக்காது, தெரியும்ல?" என்றாள். ராஜ்கமல் தலையாட்டினான். விசா முடிய ஐந்தரை மணி நேரம் மிச்சம் இருந்தபோது அவன் விமானம் கிளம்பிற்று.

பிறகு வந்த நாட்களில் காளீஸ்வரியின் நிலை விசித்திரமானது. ஆவணியில் ஊரறியக் கல்யாணம் வைத்திருப்பதால் போடியில் அவள் கன்னிப்பெண். தாலி ரவிக்கைக்குள். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கயிற்றை எடுத்து வெளியே விடுவாள். தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் கல்யாணமானவள். சாயங்காலம் இறங்கும்போது அதே இடத்தில் மறுபடி உள்ளே. அந்த எல்லையை அவள் ஜீப்பு பல வருடமாகக் காகிதம் எதுவும் இல்லாமல் தாண்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் ஒரு மாற்றத்தோடு தாண்டியது. கல்யாணத்துக்கு ஆவணி கடைசி முகூர்த்தத்தில் தேதி வைத்திருந்தார்கள். அதை விட்டால் புரட்டாசி, அதிலும் கல்யாணம் கிடையாது. ஆவணி இருபது ஆகியும் விசா வரவில்லை. மொக்கம்மாள் சாப்பிடுவதைப் பாதியாகக் குறைத்தாள்.

இருபத்தொன்றாம் தேதி காலை இருளம்மாள் ஜீப்புக்கு வந்தார். பூப்பாறையில் தெரிந்தவர் வீட்டில் துக்கமாம். ஐந்து இருபத்தெட்டு. முன்சீட்டில், காளீஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவடி வந்தது, போனது. காளீஸ்வரியின் கை கழுத்துப் பக்கம் போய், பாதியில் திரும்பி மடியில் உட்கார்ந்தது.

மேட்டில் சிக்னல் கிடைத்ததும் போன் அதிர்ந்தது. ராஜ்கமல் ஒரு படம் அனுப்பியிருந்தான். பாஸ்போர்ட்டில் புது விசா. அடியில் ஒரே வரி: 'வெள்ளிக்கிழமை மதுரை. இந்தத் தடவை பார்க்கும் இடங்கள் என்று எதையும் எழுதவில்லை.'

அவள் படித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒச்சம்மாள் போட்ட குலவை பூப்பாறை வரை கேட்டிருக்கும். ஆடி பதினெட்டில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சட்டென்று இருளம்மாள் இருப்பது ஞாபகம் வந்து ஒவ்வொருத்தியாக வாயை மூடினாள்.

இருளம்மாள் முன்கண்ணாடி வழியே ஏலத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே, காப்பை மேலே தள்ளிவிட்டுச் சொன்னார்:

"சாவடியைத் தாண்டி எம்புட்டு நேரமாச்சு? எடுத்து வெளிய விடுடி. உள்ளயே கெடந்தா வேர்வைல மஞ்சள் போயிரும்."